தட்டு விழாமல் ஜீப் நகராது

போன வருடம் ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. கம்பம்மெட்டு வழியாக மலை ஏறி, கேரளத்துப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் வரும் ஓர் ஏலத்தோட்டத்தில், ஒரு பலாமரத்தடியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானாலே ஆட்டோ தேடுகிற ஆள் நான். அடுப்பருகே நிற்கப் பொறுமையில்லாமல் எத்தனையோ முறை பாலைப் பொங்கவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த மரத்தடியில் என்னோடு இன்னும் ஐந்து பெண்கள் இருந்தார்கள். ஆறு பேரும் அங்கே மாட்டிக்கொண்டதற்குக் காரணம் நான்தான். எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து நான் மாற்றிய ஒரே ஒரு வரிதான்.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுவது என் வேலை. ஜன்னலைத் திறந்தால் தென்னந்தோப்பு, அதற்கு மேலே மலை. நான் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே ஜீப்புகள் மலையேறிவிடும். கூடலூர், கம்பம், தேவாரம் என்று பள்ளத்தாக்கின் ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் பெண்கள் ஏலக்காய் எடுக்க அப்படிப் போய், சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புவார்கள்.

எங்கள் ஊர் ஜீப் ஸ்டாண்டு ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருநாள் வீட்டுக்கு வந்து ஓர் உதவி கேட்டார். மலையில் மழை என்றால் மரம் விழும், மண் சரியும். சாயங்காலம் ஜீப் வழக்கமான இடத்துக்குப் போக முடியாது. வேறு இடத்துக்கு வந்து ஏறச் சொல்ல வேண்டும். ஒவ்வொருத்தராகப் போன் போட்டுச் சொல்வதற்குள் தொண்டை வற்றிப்போகிறது, கம்ப்யூட்டரே கூப்பிட்டுச் சொல்லிவிடாதா என்றார். செய்துவிடலாம் என்றேன். இணையத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு பட்டியல். அவர் விஷயத்தைத் தன் குரலில் பதிந்துவிட்டு, 'எல்லாருக்கும் சொல்' என்ற பொத்தானைத் தட்டினால் போதும்.

பொத்தானைத் தட்டியதும் சர்வரில் இருக்கும் என் புரோகிராமுக்குத் தகவல் போகும். ஆனால் போன் போடுகிற வேலை அதற்குத் தெரியாது. அதற்கென்று தனியாக ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. என் புரோகிராம் அந்த ஸ்கிரிப்டை ஏவிவிடும். அது பட்டியலில் உள்ளவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடும். எடுக்கும்வரை மணி அடித்து, எடுத்ததும் அண்ணன் குரலைக் கேட்கவைத்து, அடுத்தவரிடம் போகும். எல்லாரையும் முடித்துவிட்டு வந்து 'முடிந்தது' என்று சொல்லும். அதுவரை என் புரோகிராம் காத்திருக்கும். பிறகுதான் திரையில் 'சொல்லியாச்சு' என்று பச்சை எழுத்தில் வரும்.

பதிமூன்று பேருக்குப் போன் போட ஏழெட்டு நிமிடமாவது ஆகுமல்லவா? அவ்வளவு நேரமும் திரையில் ஒரு வட்டம் சுற்றும். அண்ணனால் தாங்க முடியவில்லை. "பாப்பா, சுத்திக்கிட்டே இருக்கு" என்று தினமும் போன் வரும். சில நாள் பக்கமே சலித்துப்போய், பதில் வரவில்லை என்று பிழை காட்டும். அவர் மறுபடி தட்டுவார். பெண்களுக்கு ஒரே செய்தி இரண்டு தடவை போகும். எனக்கும் மானம் போனது. காத்திருக்க வைக்கிற புரோகிராம் என்ன புரோகிராம் என்று தோன்றியது. அந்த ஸ்கிரிப்டை ஏவுகிற வரியின் கடைசியில் ஒரு சின்னக் குறியைச் சேர்த்தேன். 'நீ போய் வேலையைப் பார், நான் காத்திருக்கவில்லை' என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகு பொத்தானைத் தட்டிய அடுத்த கணமே 'சொல்லியாச்சு' வந்தது. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். பன்னீர் திராட்சை ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். நானும் கூச்சப்படாமல் வாங்கித் தின்றேன்.

அந்த ஜீப்பில் போகிறவர்களில் ஒருத்தி, பத்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். வாய் கொஞ்சம் அதிகம். கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்தபடியே மலையில் எல்லா இடத்திலும் டவர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாயே, ஒருநாள் வந்து பார் என்றாள். எனக்கும் ரோஷம் வந்தது. அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

விடிகிற நேரத்தில் ஜீப் வந்தது. பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக, ஆளுக்கொரு தூக்குவாளியோடு ஏறினார்கள். என் சிநேகிதி எல்லாரும் ஏறும்வரை கீழேயே நின்று, கடைசியாகப் பின்கதவை ஒட்டிய சீட்டில் தொற்றிக்கொண்டாள். பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஜீப்பின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினாள். அப்புறம்தான் டிரைவர் வண்டியை எடுத்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஏறியாச்சா என்று கேட்கவும் இல்லை.

டிரைவருக்குத்தான் முன்னால் கண்ணாடி இருக்கிறதே, அதில் பார்த்தால் தெரியாதா, எதற்கு இந்தத் தட்டு என்று அவளிடம் கேட்டேன்.

"கண்ணாடில உள்ள இருக்கவுகதேன் தெரிவாக. ஓடியாந்துக்கிட்டு இருக்கவுக தெரிய மாட்டாகடி" என்றாள்.

சரி, இவர்களுக்கு ஒரு வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். வளைவுகளில் ஜீப் ஆடிக்கொண்டு ஏறியது. கீழே பள்ளத்தாக்கு புகை மூட்டமாகத் தெரிந்தது. செய்திக் குரல் எனக்கும் வருகிறதா என்று பார்க்க, போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து என் பெயரையும் எண்ணையும் பட்டியலில் சேர்த்தேன். மேல்தோட்டத்தில் வேலை செய்யும் எட்டுப் பேர் முதலில் இருந்தார்கள். கீழ்தோட்டத்து ஐந்து பேர் அவர்களுக்கு அடுத்து. நான் கீழ்தோட்டத்துக்குத்தான் போகிறேன் என்பதால் நடுவில், ஒன்பதாவது ஆளாக என்னைப் போட்டுக்கொண்டேன். சிநேகிதி பட்டியலிலும் கடைசி.

ஏலத்தோட்டத்துக்குள் போனால் வெளியே பகலா, சாயங்காலமா என்று தெரியாது. மேலே பெரிய மரங்கள், கீழே ஆள் உயரத்துக்கு ஏலச்செடி. வெளிச்சம் பச்சையாக, தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தது. செடியின் அடியில் தரையோடு கிடக்கும் சரங்களைப் பிடித்து, முற்றிய காய்களை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். நானும் குனிந்து பார்த்தேன். அரைமணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போனது, காலில் மூன்று அட்டை ஏறியது. மற்றவர்கள் குனிந்த நிலையிலேயே பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நகர்ந்தார்கள். கையெல்லாம் ஏலக்காய் வாசனை. எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது.

மத்தியானம் ஒரு பாறைமேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். கீழ்தோட்டத்தில் டவர் கிடைப்பது அந்தப் பாறையில் மட்டும்தான். அங்கே ஒரு மணி நேரம் இருந்தோம். சிக்னல் நன்றாகவே இருந்தது. 'பார், இங்கே கிடைக்கிறது' என்று சிநேகிதியிடம் பெருமையாகக் காட்டினேன். எங்கள் ஆறு பேரில் யாருக்கும் எந்தப் போனும் வரவில்லை. அதனால் எல்லாம் வழக்கம்போல என்றுதான் நினைத்தோம்.

ஜீப் நாலு மணிக்குப் பலாமரத்தடிக்கு வரும். தோட்டத்து உள்ரோடு முடிகிற இடம் அது. மேல்தோட்டத்து எட்டுப் பேரும் அங்கேதான் வந்து சேருவார்கள். நாங்கள் போய் நின்றபோது யாரும் இல்லை. தூறல் போட்டது. பிறகு தூறலும் நின்று, மரங்களுக்கிடையில் பனி மெல்ல இறங்கியது. முதலில் தூரத்து மரங்கள் மறைந்தன. பிறகு ரோடு. கொஞ்ச நேரத்தில் பலாமரமும் நாங்களும் மட்டும் மிச்சம்.

மணி ஐந்து ஆனது. எங்களில் ஒருத்திக்குக் காலையிலேயே காய்ச்சல். ஒருநாள் வேலையை விட மனமில்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இப்போது ஈரச்சேலையில் அவளுக்குக் குளிர் எடுத்து, பல் கிட்டிக்கொண்டது. என் துப்பட்டாவைச் சுற்றிவிட்டேன். என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். நெற்றி கொதித்தது. இவளை இருட்டுவதற்குள் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் இருட்டிவிட்டால் யானை நடமாட்டம் உண்டு. முந்தின வாரம் பக்கத்துத் தோட்டத்து வேலியைப் பிடுங்கிப் போட்டிருந்ததாம்.

நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார்களோ என்று ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்.

"நா தட்டாம ஜீப்பு எப்பிடி நகரும்?" என்றாள் என் சிநேகிதி. அவ்வளவுதான். அதற்குமேல் அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு மரத்தில் சாய்ந்தாள்.

இனிமேல் நடந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பனிக்குள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்கு என்னென்னவோ தெரியும். நான் விழித்திருந்தேனா, கண்ணயர்ந்தேனா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. அந்த ஜீப்பின் பதினாலு பெண்களும் பனிக்குள் வரிசையாக நிற்பதுபோல் தெரிந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவர் வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொருத்தியாகத் தோளைத் தொட்டு ஏதோ சொல்லிவிட்டு வருகிறார். தொடப்பட்டவள் தலையாட்டிவிட்டுப் பனிக்குள் நடந்து போய்விடுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாவது பெண்ணும் போய்விட்டாள். ஒன்பதாவது நான். அந்த ஆள் என் முன்னால் வந்து நின்றார். தொடக் கையைத் தூக்கினார். தூக்கிய கை தூக்கியபடி நின்றுவிட்டது. என்னைத் தாண்டிப் போகவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. எனக்குப் பின்னால் ஐந்து பேர் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

திடுக்கென்று நிமிர்ந்தேன். மடியில் படுத்திருந்தவள் முனகினாள். போனை எடுத்தேன். டவர் இல்லை. ஆனால் காலையில் திறந்த பக்கம் அப்படியே இருந்தது. ஒன்பதாவது பெயர் என்னுடையது. பக்கத்தில் என் எண். விரல் வைத்து எண்ணினேன். ஒன்பது இலக்கம்தான் இருந்தது. இன்னொரு தடவை எண்ணினேன். ஜீப் ஆட்டத்தில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருக்கிறது. என் சொந்த எண்ணையே தப்பாகப் போட்டிருக்கிறேன்.

அடுத்ததெல்லாம் தானாகப் புரிந்தது. ஜீப் வராததற்குக் காரணம், எங்கோ ரோடு அடைபட்டிருக்கிறது. நாங்கள் பாறையில் இருக்கும் நேரம் பார்த்து, அண்ணன் மத்தியானமே பொத்தானைத் தட்டியிருப்பார். ஸ்கிரிப்ட் எட்டுப் பேரைக் கூப்பிட்டு, ஒன்பதாவதாக என் எண்ணில் தடுக்கி, அங்கேயே செத்துப்போயிருக்கும். முன்பு போல என் புரோகிராம் காத்திருந்தால் அதற்கு அது தெரிந்திருக்கும், சிவப்பு எழுத்தில் பிழை வந்திருக்கும். அதுதான் காத்திருக்கவில்லையே. ஏவிவிட்ட அதே நொடியில் 'சொல்லியாச்சு' என்று பச்சையில் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும். முன்பெல்லாம் இப்படி ஒன்று என்றால் தோட்டத்துக் கங்காணி கீழ்தோட்டம்வரை ஓடிவந்து சொல்வாராம். கம்ப்யூட்டர் சொல்லிவிடும் என்று வந்த பிறகு அவரும் அதை விட்டுவிட்டார்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே மறைக்க விருப்பமில்லை. யாருக்கும் தெரியவும் போவதில்லை. போன் வரவில்லை, டவர் சரியில்லை என்று முடிந்துபோகும். ஆனால் என் மடியில் அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். புரோகிராம், ஸ்கிரிப்ட் என்றெல்லாம் இழுக்காமல், உங்களுக்கு வர வேண்டிய போன் என்னால்தான் வரவில்லை என்று சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காய்ச்சல்காரிதான் கண்ணைத் திறக்காமலே, "அப்ப மத்தவுகளுக்கெல்லாம் சொல்லிருக்காகல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப ஜீப்பு எங்கனயோ நிக்கிது" என்று சொல்லிவிட்டு மறுபடி சுருண்டுகொண்டாள். அதுவரை எனக்கு அப்படித் தோன்றவே இல்லை.

இருக்கிற இடம் தெரியாத ஜீப்பைத் தேடி நடப்பதா, இங்கேயே இருப்பதா என்று பேச்சு வந்தது. நாம் ஒரு வழியில் போய், அவர்கள் வேறு வழியில் நம்மைத் தேடி வந்தால் என்ன ஆகும் என்றாள் சிநேகிதி. இருக்கிற இடத்தைவிட்டு நகரக்கூடாது என்பது அவள் கட்சி. எனக்கு அது பொறுக்கவில்லை. செய்த தப்புக்கு உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்று உடம்பு பரபரத்தது. காய்ச்சல்காரியின் தலையை இன்னொருத்தி மடிக்கு மாற்றிவிட்டு, பாறைவரை போய்ப் போன் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். வேண்டாம் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை.

ஐம்பது அடி நடந்திருப்பேன். திரும்பிப் பார்த்தால் பலாமரம் இல்லை. முன்னால் பாறையும் இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. பக்கத்துச் செடிகள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. வந்த திசை எது என்று நின்று யோசித்தால் நின்ற இடமே சுற்றுவதுபோல் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். குரல் பஞ்சுக்குள் போவதுபோல் போய்விட்டது. அப்போது எங்கோ பக்கத்தில் ஒரு கிளை படாரென்று முறிந்தது. மழையில் நனைந்த கிளை தானாகவும் முறியும். ஆனால் அதைத் தொடர்ந்து ஓலை உரசுவதுபோல ஒரு சத்தம், பிறகு கனமாக ஒரு மூச்சு. அசையாமல் நின்றேன்.

அப்போதுதான் அது கேட்டது. டக், டக். எவர்சில்வரில் எதையோ தட்டுகிற சத்தம். கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு. அவள்தான். தூக்குவாளியைத் தட்டுகிறாள். சத்தம் எனக்கு இடதுபக்கம் இருந்து வந்தது. நான் வந்த திசை என்று நினைத்திருந்ததோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம். மெதுவாகத் திரும்பி ஓரடி வைத்தேன்.

உடனே வலதுபக்கமிருந்து இன்னொரு சத்தம். டொம், டொம். இது தகரம். தூரத்தில் கேட்டது. அதுவும் இரண்டு இரண்டாகத்தான் விழுந்தது.

இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். இடதுபக்கம் தட்டும், வலதுபக்கம் பதில் தட்டும். வலதுபக்கம் தட்டும், இடதுபக்கம் பதில் தட்டும். என்னைச் சுற்றி ஒன்றுமே தெரியவில்லை, அந்த இரண்டு சத்தம் மட்டும் ஒன்றையொன்று தேடி வந்துகொண்டிருந்தது. அந்தக் கனத்த மூச்சு எப்போது விலகிப்போனது என்று தெரியவில்லை. பயம் எப்போது போனது என்றும் தெரியவில்லை. சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருக்கும்போது சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டால் ஒரு நிம்மதி வருமே, அப்படி இருந்தது. எவர்சில்வர் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக நடந்தேன். பலாமரம் பனிக்குள்ளிருந்து வந்து என் முன்னால் நின்றது. சிநேகிதி என்னைத் திட்டவில்லை. தட்டுவதை நிறுத்தவும் இல்லை.

இருட்டு விழுகிற நேரத்துக்கு டிரைவர் வந்து சேர்ந்தார். ஒரு கையில் காலி ஆயில் டின், மறுகையில் ஜாக்கி லிவர். யானை ஒதுங்கிப்போகவும் நாங்கள் கேட்கவும் வழியெல்லாம் தட்டிக்கொண்டே வந்திருக்கிறார். மேல்தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் டார்ச்சோடு கூட வந்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். மத்தியானம் உள்ரோட்டில் பெரிய மரம் ஒன்று விழுந்துவிட்டது. அதனால் தார்ரோட்டில் இருக்கிற குரிசடிக்கு வந்து ஏறும்படி அண்ணன் செய்தி அனுப்பியிருக்கிறார். குரிசடி என்பது அந்தப் பக்கத்து மலையாளத்தில் ரோட்டோரத்துச் சிலுவைக் கோயில். எட்டுப் பேர் போன் வந்து அங்கே போய் ஏறிவிட்டார்கள். மற்றவர்களைக் காணாமல் டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார். எல்லாருக்கும் சொல்லியாச்சு என்று கம்ப்யூட்டர் காட்டுகிறது, மற்றவர்கள் வேறு ஜீப்பில் ஏறியிருப்பார்கள், நீ எடு என்றிருக்கிறார் அவர். ரோடு அடைபட்ட நாளில் கிடைத்த ஜீப்பில் ஏறிப்போவது எங்கள் பக்கம் நடப்பதுதான். அதனால் அவர் சொன்னதில் தப்பில்லை. உள்ளே இருந்த எட்டுப் பேரில் ஒருத்தி வேறு, வண்டியை எடுங்கள், பிள்ளைகள் தேடும் என்றிருக்கிறாள். டிரைவர் இறங்கி டின்னை எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

நான் அவரிடமும் என் தப்பைச் சொன்னேன். கம்ப்யூட்டர் அப்படிக் காட்டியதே, நீங்கள் ஏன் நம்பவில்லை என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"அது என்ன காட்டுச்சோ தெரியாது, தாயி. எனக்குத் தட்டு விழுகல" என்றார்.

காய்ச்சல்காரியை இரண்டு பேர் தோளில் தாங்கிக்கொள்ள, விழுந்துகிடந்த மரத்தை ஏறிக் கடந்து நடந்தோம். குரிசடியில் யாரோ ஏற்றிய மெழுகுவர்த்தி பனிக்குள் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. ஜீப்பில் இருந்தவர்கள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. நகர்ந்து இடம்விட்டார்கள். காய்ச்சல்காரியை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் நெருங்கி உட்கார்ந்து சூடு கொடுத்தார்கள். எல்லாரும் ஏறியதும் நானும் ஏறப் போனேன். சிநேகிதி என்னைத் தடுத்துவிட்டுத் தான் முதலில் ஏறினாள். பின்கதவோரச் சீட்டு காலியாக இருந்தது.

"இன்னைக்கு நீ தட்டுடி" என்றாள்.

உட்கார்ந்தேன். உள்ளே பார்த்து எண்ணினேன். என்னோடு பதினாலு. வெளியே தலையை நீட்டி, மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கு அப்பாலும் பார்த்தேன். யாரும் ஓடிவரவில்லை. இன்னும் ஒருமுறை பார்த்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. கையை ஓங்கித் தகரத்தில் இரண்டு முறை தட்டினேன். உள்ளங்கை எரிந்தது. ஜீப் நகர்ந்தது. கம்பம்மெட்டு வளைவுகளில் இறங்கும்போது பனி மேலேயே நின்றுவிட்டது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விளக்குகள் தெரிந்தன. ஏலக்காய் வாசனை அடிக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தேன். நேரே ஆஸ்பத்திரிக்கே ஜீப்பை விட்டார்கள். காய்ச்சல்காரிக்கு நுரையீரலில் சளி கட்டத் தொடங்கியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். நாலு நாளில் தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுபடி வேலைக்கும் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாக அந்த வரியைத் திறந்து, கடைசியில் இருந்த குறியை எடுத்தேன். இலக்கம் குறைந்த எண்ணைப் பட்டியலே வாங்காதபடி செய்தேன். இப்போது பொத்தானைத் தட்டினால் பெண்களின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். ஒருத்தி போனை எடுத்துச் செய்தியைக் கேட்டு முடித்தால்தான் அவள் பெயர் பச்சையாகும். எடுக்காதவள் பெயர் சிவப்பாகவே நிற்கும். கடைசிப் பெயரும் பச்சையாகும்வரை 'சொல்லியாச்சு' வராது. ஏழெட்டு நிமிடம் ஆகும். ஆபீஸ் அண்ணன் இப்போதும் போன் போட்டு, சுற்றிக்கொண்டே இருக்கிறது பாப்பா என்பார். சுற்றட்டும் அண்ணே என்பேன். சிவப்பில் நிற்கிற பெயருக்கு அவரே கங்காணியைக் கூப்பிட்டு ஆள் அனுப்பச் சொல்கிறார்.

என் அவசரக்குணம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். பால் இப்போதும் பொங்கி வழிகிறது. ஆனால் ஒரு புரோகிராம் இன்னொன்றின் பதிலுக்காகக் காத்திருந்து, திரையில் அந்த வட்டம் சுற்றும்போது மட்டும் எனக்கு எரிச்சல் வருவதில்லை. யாரோ ஒருத்தி பனிக்குள்ளிருந்து ஓடிவந்துகொண்டிருக்கிறாள், அவள் இன்னும் ஏறவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு, தட்டு விழும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.